ராத்திரி எட்டு மணி ஜப்பானிய சார்: ஒன்றேகால் வருட அனுபவம்

எங்கள் ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை போர்டு. செய்ரி, செய்டொன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஜப்பானியர்கள் வகுத்த ஐந்து விதி, ஃபைவ் எஸ் என்பார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வருகிறேன். ஆடிட் வரும் வாரத்தில் ஐந்தையும் ஒப்பிப்போம், ஆடிட்டர் கார் ஏறியதும் மறந்துவிடுவோம். அதில் கடைசி வார்த்தையைத்தான் ஜப்பானில் பிள்ளையை ஒழுக்கமாக வளர்ப்பதற்கும் சொல்வார்கள், நாயைப் பழக்குவதற்கும் சொல்வார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர் குடியாத்தத்துக்காரர் ஒருவர். இங்கே எழுதப்போவது அவர் நடத்தும் வகுப்பைப் பற்றி.

பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். காரணம் பின்னால் வரும்.

சார் ஜப்பானில் கிஃபு என்ற மாகாணத்தில், ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத் துணை ஆசிரியர். ஏஎல்டி என்பது பதவியின் பெயர். வகுப்பை ஜப்பானிய ஆசிரியர் நடத்த, இவர் கூட நின்று பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும். அந்த வேலைக்கு பன்னிரண்டு வருடமாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, நம்ம ஊர் ஆட்கள் சிலருக்கு வீடியோவில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறார். சனிக்கிழமை காலையில் ரிட்டையரான ஒரு தம்பதிக்கு ஆங்கிலம். அது காபிக் கடையில் நடக்கும். அந்தப் பக்கத்துக் கடைகளில் காலையில் ஒரு காபி வாங்கினால் டோஸ்டும் முட்டையும் சேர்த்தே தந்துவிடுவார்களாம். காபிக்குக் காசு மாணவர்கள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத வழக்கம். "ஒரு மணி நேரம் பாடம், டிபன் இலவசம், குடியாத்தத்துல யாருக்குக் கெடைக்கும்?" என்பார்.

எனக்கு அவரைக் காட்டியது லைனில் கூட வேலை பார்க்கும் பெண். அவளுக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன். அப்போது நான் வேறொரு இடத்தில் 14,000 ரூபாய் கட்டி மூன்று மாத ஆன்லைன் பேட்ச் ஒன்றை முடித்திருந்தேன். பெயர் வேண்டாம். முப்பத்தெட்டுப் பேர், எல்லோரும் மியூட்டில், டீச்சர் ஸ்லைடைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசிப்பார். மூன்று மாத முடிவில் எனக்கு ஹிரகானா எழுத்து தெரியும், பத்து வரை எண்ணத் தெரியும், ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லத் தெரியாது. ஜப்பானியத்தை ஆங்கிலமாக்கி, அதை மனசுக்குள் தமிழாக்கி, பதிலை மறுபடி அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டும். காட்பாடியில் இருந்து ஆரணிக்குப் போக சென்னை போய்த் திரும்புகிற மாதிரி.

சார் முதல் வகுப்பில் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு வாக்கியத்தைச் சொல்லி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழை எழுதச் சொன்னார். அஷிதா, நாளைக்கு. அமே கா, மழை. ஃபுரு, பெய்யும். தொ, என்று. ஒமொயிமாஸ், நினைக்கிறேன். எழுதி முடித்துப் படித்தால், "நாளைக்கு மழை பெய்யும் என்று நினைக்கிறேன்." ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. நான் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 14,000 ரூபாய் வகுப்பில் இதே வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி இரண்டு வாரம் ஓட்டினார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் அப்படித்தான் வந்தது. "கினோ கட்டா ஹொன்" என்றால் நேற்று வாங்கிய புத்தகம், அதே வரிசையில். மிரு என்றால் பார். தபெதெ மிரு, சாப்பிட்டுப் பார். கீதெ மிரு, கேட்டுப் பார். ஒகு என்றால் வை. கத்தெ ஒகு, வாங்கி வை. ஷிமாவு என்பதற்கு ஆங்கிலப் பாடத்தில் அரைப் பக்க விளக்கம் இருந்தது, செயல் முழுதாக முடிந்தது என்றும் வருத்தம் என்றும் ஏதேதோ. சார் ஒரே வரியில் முடித்தார். "அக்கா, மறந்து தொலைச்சிட்டேன்னு சொல்றோமே, அந்தத் தொலை." இதைவிட என்ன வேண்டும்?

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் வாசலில் நின்று "இத்தெ கிமாஸ்" என்பார்களாம். போய்ட்டு வரேன். உள்ளே இருப்பவர் "இத்தெராஷாய்" என்பார். போய்ட்டு வாங்க. இதைச் சொல்லித்தந்த அன்று எங்கள் மாமியார் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அவங்களும் போறேன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். அன்றில் இருந்து நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினால் அவர்தான் முதலில் "இத்தெராஷாய்" என்கிறார்.

அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கு அங்கேயும் தனித்தனிச் சொல் உண்டு. அதை பிரதர், சிஸ்டர் வழியாகப் படித்து எல்டர், யங்கர் என்று ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். குறில் நெடிலும் அப்படியே. ஒபஸான் என்றால் அத்தை, ஒபாஸான் என்றால் பாட்டி. ஆங்கிலக்காரர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்களாம். நாம் படு, பாடு என்று ஒன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட்ட விஷயம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் பல வருடம் எழுதினார், மொழியியல் ஆட்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை என்று சார் ஒரு நாள் சொன்னார். உறவோ இல்லையோ, அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். இலக்கணம் கைக்கு அடக்கமாக இருக்கிறது, அது போதும்.

எல்லாம் ஒத்துப்போகும் என்று நினைத்தால் உதைபடுவோம். இருக்கிறது என்பதற்கு அங்கே இரண்டு வினை: உயிருள்ளதற்கு இரு, உயிரில்லாததற்கு அரு. நம்முடைய உயர்திணை அஃறிணை என்று நான் நினைத்துக்கொண்டேன். "பாலாத்துல தண்ணி இல்ல" என்பதைச் சரியாகச் சொன்னேன். அடுத்து வாசலில் நாய் இருக்கிறது என்பதற்கு நாயைக் கொண்டுபோய் பெஞ்சோடு சேர்த்துவிட்டேன். அங்கே நாய் நம்மோடு சேர்த்தி.

பெரிய உதை எழுத்தால் வந்தது. ஆரம்பத்தில் நான் குறிப்பு எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பேன். வேண்டாம், முதல் நாளில் இருந்தே ஹிரகானாவில் எழுதுங்கள் என்றார் சார். கேட்கவில்லை. நமக்குத் தண்ணியில் வருகிற த-வும் பந்தில் வருகிற த-வும் ஒரே எழுத்து. ஜப்பானியத்தில் தண்ணியின் த-வைப் போட்டு தென்கி என்றால் வானிலை. பந்தின் த-வைப் போட்டால் கரண்ட். என் நோட்டில் இரண்டும் தென்கி. ஃபேக்டரிக்கு ஒரு ஜப்பானிய ஆடிட்டர் வந்திருந்தபோது சரியாக அளவுக் கருவி ரூமில் கரண்ட் போயிற்று. மேனேஜர் என்னைப் பார்த்தார், "நீதான் படிக்கிறியே" என்ற பார்வை. நான் ரொம்ப மரியாதையாக, வானிலை அணைந்துவிட்டது என்று தெரிவித்தேன். அந்த மனுஷர் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தார். அன்று இரவே நோட்டைக் கிழித்துவிட்டு ஹிரகானாவில் புது நோட்டு போட்டேன்.

இனி காசு விஷயம். ஒரு மணி நேரம் 450 ரூபாய், தனி ஆளுக்கு. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தலைக்கு 300. ஆனால் முதல் மூன்று மாதம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அங்கே ஒரு வேலைக்கென்று விசா கொடுத்தால் அந்த வேலை மட்டும்தான் செய்யலாம். வேறு வழியில் சம்பாதிக்க குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வேண்டும், வேலை பார்க்கும் இடத்தின் சம்மதமும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் சொல்லித்தந்தாலும் வேலை வேலைதான். "யாரும் கேக்கமாட்டாங்க அக்கா, ஆனா கேட்டா விசா போயிடும்" என்றார். அனுமதி வரும்வரை வாரம் ஒரு முறை, சந்தேகம் தீர்க்கிற அளவுக்கு மட்டும் பேசினார். வந்த பிறகு ரேட் சொன்னார். இந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. வெளிநாட்டில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே டியூஷன் எடுக்கும் சொந்தக்காரர்கள் எனக்கு வேறு நாடுகளிலும் உண்டு. அனுமதியைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள்.

பெயர் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளி சம்மதித்திருப்பது வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று. அது நிரம்பிவிட்டது. இன்னொரு காரணம் அவர் அம்மா. யாரோ விசாரித்துக்கொண்டு குடியாத்தம் வீட்டுக்கே போய், பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு நின்று, "உங்க பையன் ஜப்பானுக்கு ஆள் எடுக்கறாராமே" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா பயந்துபோய் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். சார் ஏஜென்ட் இல்லை. 2019-இல் ஜப்பான் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவுக்கு என்-4 அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற மொழித் தேர்வும், அந்தந்தத் தொழிலுக்கான தேர்வும் பாஸ் செய்ய வேண்டும். இவரிடம் கிடைப்பது அதில் மொழிக்கான படிப்பு மட்டும்தான்.

நேரம் ஒரு தொல்லை. அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். எனக்கு ஏ ஷிஃப்ட் என்றால் இரண்டு மணிக்கு முடித்து, திருவலம் வழியாகப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, நாலரைக்கு உட்காருவேன். அவருக்கு அப்போது ராத்திரி எட்டு. பி ஷிஃப்ட் வாரத்தில் ஞாயிறு காலை ஏழு மணி மட்டும்தான். எட்டு மணிக்குச் சரியாக எட்டு மணி. ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார், அந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் நாலு முப்பத்திரண்டுக்கு வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், கடிகாரத்தை மட்டும் பார்ப்பார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். நாள் முழுக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவர். புதன்கிழமை வகுப்பில் கொட்டாவியை அடக்குவது தெரியும். அன்று புதுப் பாடம் வராது, பழையதையே திருப்புவார். அவருடைய பள்ளி நாள்காட்டிதான் நமக்கும் நாள்காட்டி. மார்ச்சில் வருடக் கடைசி, ஏப்ரலில் பள்ளித் திறப்பு, அப்புறம் அவர்களுடைய மே மாத விடுமுறை, அப்புறம் விளையாட்டு விழா. போன மே மாதத்தில் மட்டும் நாலு வகுப்பு போயிற்று. அதில் ஒன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் சிரசு ஊர்வலம் வரும்போது தம்பி போனில் காட்டக் காட்ட அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைக் குறை என்று எழுத மனசு வரவில்லை. நடக்காமல் போன வகுப்புகளுக்குக் காசும் வாங்கவில்லை.

உச்சரிப்பு. அவர் பேசுவது தெளிவு, ஆனால் குடியாத்தத்து ஜப்பானியம். ஹாஷி என்பதை ஏற்ற இறக்கம் மாற்றிச் சொன்னால் பாலம் சாப்பிடும் குச்சியாகிவிடும். எனக்கே குழப்பம் என்று ஒப்புக்கொள்வார். அதனால் காதுப் பயிற்சிக்கு அந்த நாட்டு வானொலிச் செய்தியைக் கேட்கச் சொல்லிவிட்டார், நான் கேட்டேன், பலன் இருந்தது. "வா", "கா" என்று இரண்டு உருபு வரும். வா-வை அழகாகச் சொல்லித்தந்தார். "சாவியா? டிவி மேல இருக்கு" என்கிறோமே, அந்த ஆ-தான் வா என்று. கா எங்கே வரும் என்று கேட்டால் மட்டும் பத்து உதாரணம் கொடுத்து, போகப் போகப் பழகிவிடும் என்றார். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நிஜமான குறை கான்ஜி. மாமியார் இன்றுவரை கஞ்சி என்றுதான் சொல்கிறார். சீன எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று உச்சரிப்பு. இங்கே தமிழ் துளியும் உதவாது. சார் தமிழ் வழியாகப் பறக்கிற மனுஷர் என்பதால், தமிழ் கைகொடுக்காத இடத்தில் அவருக்கும் சுவாரஸ்யம் குறைந்துவிடுகிறது. வாரம் பதினைந்து எழுத்து என்று பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, "பாத்துக்கங்க அக்கா." யாரும் கேட்காவிட்டால் நான் பார்ப்பேனா? சமையல், துணி, ஷிஃப்ட். ஜப்பானிய மொழித் தேர்வில் முதல் படி என்-5, அதற்கு மேல் என்-4. என்-5 வரை தப்பித்தேன். டிசம்பர் முதல் ஞாயிறு, சென்னையில் தேர்வு. முந்தின நாளே ரயிலேறி பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கி எழுதினேன். 180-க்கு 127. பாஸ் மார்க் 80.

ஜூலையில் என்-4 எழுதினேன். கேட்டல் பகுதி 60-க்கு 41. எழுத்தும் வாசிப்பும் சேர்ந்து 120-க்கு 46. மொத்தம் 87. வேண்டியது 90.

மூன்று மார்க். என்-4 இருந்தால் ஆறு மாத ட்ரெய்னிங்குக்கு நாகோயா அனுப்பும் பட்டியலில் பெயர் வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் சூட்கேஸ் விலைகூட விசாரித்துவிட்டார். சாரிடம் மார்க்கைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கான்ஜி என் தப்பு அக்கா. நான் உக்காந்து கேட்டிருக்கணும்" என்றார். சமாதானம் சொல்லவில்லை, அடுத்த முறை பார்த்துக்கலாம் என்று தட்டிக்கொடுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் ஒருவர் வாயில் இருந்து 'என் தப்பு' என்று வந்து நான் கேட்டதில்லை. போன பேட்சில் கேட்டிருந்தால் "ப்ராக்டிஸ் போதாது" என்றிருப்பார்கள்.

கணக்குப் போட்டால், காசு கொடுத்தது 75 வகுப்பு, 33,750 ரூபாய். குறைவில்லை. வேலூரிலேயே நேரில் சொல்லித்தருகிறவர்கள் இதைவிடக் குறைவாக வாங்கலாம். எனக்குப் பணம் வீணானதாகத் தோன்றவில்லை. வீண் என்பதற்கும் எங்கள் ஃபேக்டரிச் சுவரில் ஒரு ஜப்பானியச் சொல் இருக்கிறது, முடா.

யாருக்குச் சரிவரும்? ஷிஃப்ட் வேலையில் இருப்பவர், ஆங்கில வழி வகுப்பில் சலித்துப்போனவர், பேச வேண்டும் என்பவர், இப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்கலாம். வெளியூரில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் சொல்லித்தரும் தமிழ் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அனுமதி இருக்கிறதா, பள்ளி விடுமுறை எப்போது, அடுத்த வருடம் அங்கேயே இருப்பீர்களா என்று மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாவதை நான் கேட்கவில்லை. சாருடைய ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது என்று பத்தாவது மாதத்தில்தான் தெரிந்தது. இரண்டே மாதத்தில் தேர்வுக்குத் தயாராக வேண்டும் என்ற அவசரக்காரர்கள் பெரிய நிறுவனத்துக்கே போகலாம், மாதிரித் தேர்வு, பட்டியல், ரெக்கார்டிங் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும். இவர் ரெக்கார்டிங் தர மாட்டார். "பதிவு இருந்தா நீங்க கவனிக்க மாட்டீங்க" என்பது அவர் வாதம். பி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாதித் தூக்கத்தில் கேட்டது எல்லாம் போனது போனதுதான்.

ஆகஸ்டில் இருந்து வகுப்பின் முதல் இருபது நிமிடம் கான்ஜி டெஸ்ட். கடைத்தெருவில் பார்க்கிற போர்டை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புகிறார், படிக்க வேண்டும். நேற்று வந்தது ஒரு கடை வாசல் அட்டை. முட்டை மலிவு என்று படித்தேன். விலையும் கேட்டார், அதையும் சொன்னேன். ஆம்பூர்ப் பக்கத்தில் இருந்து இன்னொரு பெண்ணும் எங்கள் ஞாயிறு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், அதனால் இப்போது எனக்கு 300 ரூபாய். சேர்ந்த முதல் நாளே அவளைச் சொல்லச் சொன்ன வாக்கியம், ஆம்பூர் பிரியாணியைத் தபெதெமிதெ குதசாய். சாப்பிட்டுப் பாருங்கள்.

டிசம்பருக்குப் பதிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால், வருகிற மாதம் அதே ஆடிட்டர் மறுபடி வருகிறார். மேனேஜர் இப்போதே ஜெனரேட்டரைச் சரி பார்த்து வைத்திருக்கிறார்.